பிறந்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி இது: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாதவர்கள் ஆசார யூதர்கள். பாலும் இறைச்சியும் ஒரே தட்டில் படக் கூடாது. இத்தனை கெடுபிடி உள்ள மதம் சோதனைக் குழாய்க் குழந்தைக்கு மட்டும் எப்படிச் சுலபமாகத் தலையாட்டியது? கத்தோலிக்கத் திருச்சபை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையே? இஸ்ரேலில் அரசாங்கமே செலவு செய்கிறதாமே, உண்மையா? நாளைக்குக் குளோனிங், செயற்கைக் கருப்பை வந்தால் என்ன சொல்வார்கள்?"

நான் மத அறிஞன் இல்லை. சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் பல வருடம் கரு வளர்த்தவன். இந்தத் துறையில் இருந்தால் இஸ்ரேலிய மருத்துவர்கள் எழுதியதைப் படிக்காமல் தப்ப முடியாது. படித்துக்கொண்டே போனால் கட்டுரையின் நடுவில் திடீரென்று ஒரு ரப்பியின், அதாவது யூத மதகுருவின், பெயர் வரும். அந்தப் பெயர்களைத் துரத்திக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அரசு செலவு செய்வது உண்மை. இஸ்ரேலில் ஒரு பெண் தன் சொந்தக் கருமுட்டையில் 45 வயது வரையிலும், தானமாகப் பெற்ற முட்டையில் 54 வயது வரையிலும், இரண்டு பிள்ளைகள் பிறக்கும்வரை பொதுச் செலவில் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக் குழாய்ச் சிகிச்சை, செய்துகொள்ளலாம். திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. மக்கள்தொகைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தால் உலகிலேயே அதிக ஐ.வி.எஃப். சுழற்சிகள் நடக்கும் நாடு அதுதான்.

ஆனால் "சுலபமாகத் தலையாட்டியது" என்பது பாதிதான் சரி. 'செய்யலாமா' என்ற கேள்வியைப் பெரும்பாலான ரப்பிகள் சீக்கிரமே தாண்டிவிட்டார்கள். அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது அடுத்த கேள்வியில். பிறந்தது யாருடைய பிள்ளை? அது யூதப் பிள்ளையா? வளர்ந்த பிறகு யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது? நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு முறை என்ன? இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானே விளங்கிவிடும்.

முதலில், ஏன் தாண்டினார்கள் என்று பார்ப்போம். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே "பலுகிப் பெருகி, பூமியை நிரப்பி" என்று வருகிறது. நாம் அதை வாழ்த்தாகப் படிக்கிறோம். ரப்பிகள் அதைக் கட்டளையாகப் படித்தார்கள். கட்டளை என்றால் எத்தனை பிள்ளை பெற்றால் நிறைவேறும் என்ற கணக்கு வந்துவிடும். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் அந்தச் சண்டை இருக்கிறது. ஷம்மாய் மரபினர் இரண்டு ஆண் என்றார்கள், ஹில்லேல் மரபினர் ஓர் ஆண், ஒரு பெண் என்றார்கள். ஹில்லேல் பக்கமே நின்றது. (அரசின் கணக்கும் இரண்டு, மிஷ்னாவின் கணக்கும் இரண்டு. ஒன்றைப் பார்த்து மற்றதை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை.)

இதில் ஒரு வேடிக்கை, இந்தக் கட்டளை ஆணுக்கு மட்டும்தான். பெண்ணுக்கும் உண்டு என்று சொன்ன குரல் மிஷ்னாவிலேயே இருந்தும் அது எடுபடவில்லை. அதனால் வந்த இரண்டு கதைகள், மிஷ்னாவை வைத்து ரப்பிகள் நடத்திய விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, யெவமோத் என்ற பகுதியின் 65-ஆம் ஏட்டில்.

ஒரு கதையில், பிள்ளை இல்லாத ஒரு பெண் ரப்பி நஹ்மானிடம் வருகிறாள். கணவனால் பிள்ளை தர முடியவில்லை, விவாகரத்தும் எனக்குச் சேர வேண்டிய தொகையும் வாங்கிக் கொடுங்கள் என்கிறாள். உனக்குத்தான் கட்டளையே இல்லையே, எந்த அடிப்படையில் கேட்கிறாய் என்கிறார் ரப்பி. அவள் சொல்கிறாள்: என்னைப் போன்றவளுக்குக் கையில் பிடிக்க ஒரு கோலும், புதைக்க ஒரு மண்வெட்டியும் வேண்டாமா? அந்தப் பதிலுக்கு மேல் ரப்பியிடம் பேச்சில்லை. இப்படிக் கேட்டு வருபவளின் கணவனைக் கட்டாயப்படுத்தியாவது பிரித்துவிடுவோம் என்று தீர்ப்பு. 'கொள்ளி வைக்க ஒரு பிள்ளை' என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த மண்வெட்டியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கதை யூதித்துடையது. ரப்பி ஹிய்யாவின் மனைவி. இரட்டைப் பிள்ளை பெற்றுப் பட்ட வேதனை போதும் என்று முடிவு செய்தவள், வேறு உடை மாற்றிக்கொண்டு சொந்தக் கணவன் முன்னாலேயே போய், பிள்ளை பெறும் கட்டளை பெண்ணுக்கு உண்டா என்று கேட்கிறாள். அடையாளம் தெரியாத அவர், இல்லை என்கிறார். அவள் நேராகப் போய் மலடாக்கும் மருந்தைக் குடித்துவிடுகிறாள். பிறகு விஷயம் தெரிந்து அவர் புலம்பியது தனி. ஒருத்தி பிள்ளை கேட்கிறாள், ஒருத்தி வேண்டாம் என்கிறாள், இருவருக்கும் வழி விட்டது அந்த ஒரே பக்கம். இந்த இரண்டாவது கதையை இஸ்ரேலிய மருத்துவமனைச் சுவர்களில் யாரும் எழுதி வைப்பதில்லை என்பது என் ஊகம்.

கட்டளைக்கு மேல், மலட்டுத்தன்மை வேதத்தின் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள் என்று வரிசையாகப் பிள்ளைக்கு ஏங்கியவர்கள். "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்பது ராகேலின் வாய்ச்சொல். சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரையும் ராகேல் தன் அடிமைப்பெண் பில்காளையும் கணவனிடம் அனுப்பித் தங்கள் கணக்கில் பிள்ளை பெற்றார்கள். வாடகைத் தாய் என்ற சொல்தான் புதிது.

அப்புறம் இயற்கையில் கை வைக்கலாமா என்ற கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. மனிதன் செய்ததா, கடவுள் செய்ததா, எது அழகு என்று ரோம அதிகாரி ஒருவன் ரப்பி அக்கிவாவைக் கேட்டான். அக்கிவா கோதுமைக் கதிரையும், அதே கோதுமையில் சுட்ட பண்டத்தையும் எடுத்துவரச் சொல்லி முன்னால் வைத்தார். கதிரைவிடப் பண்டம் அழகாக இல்லையா என்பதுதான் பதில். கடவுள் அரைகுறையாக விட்டதை மனிதன் முடிப்பது குற்றமில்லை என்ற எண்ணம் அந்த மரபில் ஊறியது. வைத்தியம் செய்வதற்கு அனுமதியை யாத்திராகமத்திலிருந்தே எடுத்தார்கள்.

கருவின் நிலையும் இங்கே உதவியது. நாற்பது நாள் வரை கரு "வெறும் நீர்" என்கிறது தல்மூத். பிரசவத்தில் தாயின் உயிர் போகும் நிலை வந்தால் உள்ளேயே பிள்ளையைத் துண்டித்தாவது தாயைக் காப்பாற்று, பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் தொடாதே, அப்போது அது ஓர் உயிர், ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைத் தள்ள முடியாது என்கிறது மிஷ்னா. கருப்பைக்குள் இருக்கும் கருவுக்கே இவ்வளவுதான் என்றால், கண்ணாடித் தட்டில் ஐந்து நாள் வளர்ந்த கருவைப் பற்றிப் பெரும்பாலான ரப்பிகள் அதிகம் பதறவில்லை. கத்தோலிக்கம் நேர் எதிர். அங்கே கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிருக்குரிய மரியாதை, அதோடு பிள்ளை தம்பதியின் கூடலில்தான் உண்டாக வேண்டும் என்ற நிலை. 1987-ல் வாத்திகன் வெளியிட்ட ஆவணம் ஐ.வி.எஃப்.பை அந்த இரண்டையும் காட்டித்தான் மறுத்தது.

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் விட மனமில்லை. நம் ஊர் மையங்களில் முட்டை வளர 'எச்.எம்.ஜி.' ஊசி போடுவார்கள், சிகிச்சைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோன் அது. லிட்டர் கணக்கில் சிறுநீர் வேண்டும், அதில் கர்ப்பிணியின் சிறுநீர் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. எங்கே கிடைக்கும்? இத்தாலியக் கன்னியர் மடங்களில் வயதான சகோதரிகளிடமிருந்து சேகரித்தார்கள். அந்த மருந்தில் முதல் குழந்தை 1962-ல் பிறந்தது, இஸ்ரேலின் தெல் ஹஷோமெர் மருத்துவமனையில், புரூனோ லூனென்ஃபெல்ட் என்ற மருத்துவரின் சிகிச்சையில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முறை.

தல்மூதில் ஒரு விசித்திரக் கேள்வி: கன்னிப்பெண் ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள், கன்னியை மட்டுமே மணக்க வேண்டிய தலைமை ஆசாரியன் அவளை மணக்கலாமா? தொட்டித் தண்ணீரில் யாரோ விட்ட விந்து அவளுக்குள் போயிருக்கலாம் அல்லவா என்று பதில் ஓடுகிறது. உயிரியல்படி அது நடக்காது என்பதை விடுங்கள். கூடல் இல்லாமல் கர்ப்பம் என்பதை ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பே சட்டக் கேள்வியாக வைத்துப் பேசிவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கோர்பெயில் ஊர் ரப்பி பெரெத்ஸ் இதை இன்னும் நெருங்கினார். வேற்று ஆண் படுத்த விரிப்பில் பெண் படுக்கக் கூடாது, அதிலிருந்து கர்ப்பம் ஆகிவிடலாம் என்றார். ஆனால் அவர் பயந்தது அவள் கற்பைப் பற்றியல்ல. கூடல் இல்லாததால் அதில் பாவம் இல்லை, பிள்ளையும் குறையற்ற பிள்ளைதான். அப்புறம் என்ன பயம்? அந்தப் பிள்ளை வளர்ந்து, தெரியாமல் தன் தகப்பனின் மகளையே கட்டிவிட்டால்?

அண்ணன் தங்கை முறை தெரியாமல் கல்யாணம். ஒரு படுக்கை விரிப்பைப் பற்றி எழுதிய இந்தச் சின்னக் குறிப்புதான் எழுநூறு வருடம் கழித்து விந்து தானத்தின் சட்டமாக வந்து நின்றது.

நியூயார்க்கில் இருந்த ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய ஹலாக்கா அறிஞர்களில் ஒருவர். ஹலாக்கா என்பது யூத மதச் சட்டம். பிள்ளைக்கு ஏங்கித் தவிக்கும் மனைவி, கணவனிடம் குறை, வேறு வழியே இல்லை என்றால், தானமாகப் பெற்ற விந்தைச் செலுத்திக்கொள்ளலாம் என்று 1959-ல் எழுதினார். அது விபசாரம் ஆகாது, பிள்ளை 'மம்ஸேர்' ஆகாது. மம்ஸேர் என்பதைத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று பலர் எழுதிவிடுகிறார்கள், தவறு. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்தால் மம்ஸேர் இல்லை. மணமான பெண்ணுக்கு வேறு ஆணால் பிறந்தாலோ, நெருங்கிய இரத்த உறவுக்குள் பிறந்தாலோதான். அந்தப் பிள்ளை மற்ற யூதர்களை மணக்க முடியாது, அதன் சந்ததியும் முடியாது. செய்யாத குற்றத்துக்குப் பேரன் வரை தண்டனை. அதனால்தான் அந்தச் சொல் வந்தாலே ரப்பிகள் நடுங்குகிறார்கள்.

ஃபைன்ஸ்டைன் இன்னொன்றும் சொன்னார்: தானம் தருபவர் யூதராக இல்லாதிருப்பதே நல்லது. இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் மையத்தில் தானம் கேட்டு வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஆளுங்களா பாத்துக் குடுங்க சார்" என்பார்கள். இங்கே தலைகீழ், எங்கள் ஆள் மட்டும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் அந்த விரிப்புதான். பெயர் தெரியாத ஒரு யூதர் பத்துப் பேருக்குத் தானம் தந்தால், சின்னச் சமூகத்தில் அவருடைய பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. யூதரல்லாதவரின் தந்தைமையை ஹலாக்கா கணக்கில் எடுப்பதில்லை, பிள்ளை தாயைக் கொண்டே யூதன் ஆகிவிடும். சிக்கல் தீர்ந்தது. ஆனால் சண்டை தீரவில்லை. சத்மார் ஹசிதியர் என்ற கடும் ஆசாரக் குழுவின் தலைவர் யோயெல் தெய்தெல்பாம் கடுமையாக எதிர்த்தார், ஊரே இரண்டுபட்டது. இன்றும் விந்து தானத்தை அனுமதிக்காத ஆசார ரப்பிகள்தான் அதிகம். கணவன் மனைவி இருவரின் அணுக்களையும் வைத்துச் செய்யும் ஐ.வி.எஃப்.தான் பெருவழக்கு. அதையுங்கூட எலியேசெர் வால்டென்பெர்க் போன்ற பெரிய அறிஞர் மறுத்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒபாதியா யோசெஃப் அனுமதித்தார். யூத மதத்துக்குப் போப்பாண்டவர் கிடையாது, அவரவர் தம் ரப்பியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கணவனின் அணுவையே வைத்துச் செய்தாலும் ஆய்வகத்தில் தட்டு மாறிவிட்டால்? எங்கள் வேலையில் இரவில் தூக்கம் கெடுக்கும் பயம் இதுதான். தட்டின் அடியில் மார்க்கரில் பெயர், எண். ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் சத்தமாகப் படித்துக் கையெழுத்துப் போடுவோம். ஜெருசலேமில் 1990-ல் தொடங்கிய புவா நிறுவனம் இதற்கு மேல் மூன்றாவது ஓர் ஆளை உட்கார வைத்தது. அந்த மேற்பார்வையாளர் பெரும்பாலும் ஆசார யூதப் பெண். உணவு விடுதியில் இறைச்சி கோஷெர்தானா, அதாவது மதவிதிப்படியானதுதானா என்று பார்ப்பவருக்கு என்ன பெயரோ, அதன் பெண்பால்தான் இவருக்கும்: மஷ்கிஹா. விந்து வந்த குப்பியிலிருந்து கரு கருப்பைக்குள் போகும்வரை பைப்பெட்டையும் தட்டையும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். என் தோளுக்குப் பின்னால் ஒருவர் அப்படி நின்றால் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 2022-ல் இஸ்ரேலிலேயே ஒரு பெண்ணுக்கு வேறொரு தம்பதியின் கரு வைக்கப்பட்டது கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தெரியவந்து, பெற்றவளுக்கா மரபணுப் பெற்றோருக்கா என்று வழக்கு ஒரு நீதிமன்றத்தில் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் போனதைப் பார்த்த பிறகு, நிற்கட்டுமே என்று தோன்றுகிறது. புவா என்பது, ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சி ஒருத்தியின் பெயர்.

விந்து எடுப்பதிலும் சிக்கல் உண்டு. விந்தை வீணாக்கக் கூடாது என்பது கடுமையான தடை. பிள்ளைக்காக எடுப்பது வீணாக்குவதா? ஆகாது என்பார் பலர், இருந்தாலும் கோப்பையைக் கொடுத்துத் தனியறைக்கு அனுப்புவதை விரும்ப மாட்டார்கள். அதனால் மனைவியுடன் கூடும்போது அணியும் விசேஷ உறை. அதில் ஊசியளவு ஓட்டை ஒன்று இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சமாவது போக வழி இருப்பதால் அது கருத்தடை ஆகாது, மீதி உறையில் ஆய்வகத்துக்கு வரும். சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஓட்டை இல்லாவிட்டால் பரிசோதனைக்கே வராமல் போயிருக்கும் ஆண்களை எண்ணிப் பாருங்கள்.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது 'ஹலாக்கா மலட்டுத்தன்மை' என்று மருத்துவர்களே பெயர் வைத்த ஒன்று. மாதவிடாய் வந்தால் தம்பதி விலகியிருக்க வேண்டும். லேவியராகமத்தின்படி ஏழு நாள். பிற்பாடு, கடுகளவு இரத்தம் கண்டாலும் அது நின்ற பிறகு ஏழு சுத்தமான நாட்கள் எண்ணும் கடுமையை இஸ்ரவேலின் பெண்கள் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள் என்று தல்மூதில் ரப்பி ஸேரா சொல்கிறார். இரத்தப்போக்குக்குக் குறைந்தது ஐந்து நாள், அதன்மேல் ஏழு, ஆகப் பன்னிரண்டு. அன்று இரவு மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 28 நாள் சுழற்சி உள்ளவளுக்கு இது கச்சிதம், முட்டை வெளிவரும் நேரம் அதுதான். 24 நாள் சுழற்சிக்காரிக்கு? பத்தாம் நாளே முட்டை வெளிவந்து ஒரு நாளில் செத்துப்போயிருக்கும். அவளுக்கும் குறையில்லை, அவனுக்கும் குறையில்லை, மாதாமாதம் முட்டை மட்டும் முந்திக்கொண்டு போய்விடும். இதற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்து முட்டை வெளிவருவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறார்கள். நோயே இல்லாதவளுக்கு மருந்து கொடுப்பதா, மேலதிகமாக ஏற்றுக்கொண்ட நாட்களைக் குறைப்பதா என்று இஸ்ரேலில் மருத்துவர்களே கேட்டார்கள். ரப்பிகள் நாட்களைக் குறைக்கவில்லை. என் பார்வையில் இது மருந்துக் கடையில் தீர்க்க வேண்டிய விஷயமே இல்லை, ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்?

அடுத்து, தாய் யார்? ஐ.வி.எஃப்.புக்கு முன்னால் இது கேள்வியே இல்லை, வயிற்றில் சுமந்தவள் தாய். முட்டை ஒருத்தியுடையது, வயிறு இன்னொருத்தியுடையது என்று ஆனதும் ரப்பிகள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். யாக்கோபின் மனைவியர் இருவரில், லேயாளின் வயிற்றில் யோசேப்பும் ராகேலின் வயிற்றில் தீனாளும் இருந்ததாகவும், பிறப்பதற்கு முன் கடவுள் இரண்டையும் இடம் மாற்றியதாகவும் வேதத்தின் ஓர் அராமிய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வேதம் தீனாளை லேயாளின் மகள் என்றே சொல்கிறது. ஆக, பெற்றவளே தாய்! ஒரு கதையை வைத்துச் சட்டமா என்று மறு தரப்பு. நெடுங்காலம் பெற்றவள் பக்கமே பலரும் சாய்ந்தார்கள், பிறகு முட்டைக்காரி பக்கமும் கனம் கூடியது. இரண்டும் நிச்சயமில்லை என்பதால், முட்டையோ வயிறோ யூதரல்லாதவளுடையதாக இருந்தால் குழந்தையை மிக்வேயில் முழுக்கி மதமாற்றச் சடங்கு செய்துவிடு, சந்தேகமே வேண்டாம் என்பது நடைமுறையாகிவிட்டது.

1996-ல் இஸ்ரேல் வாடகைத் தாய்ச் சட்டம் போட்டபோது இந்தப் பயமெல்லாம் சட்ட வரிகளாகவே இறங்கின. சுமப்பவள் பொதுவாகத் திருமணமாகாதவளாக இருக்க வேண்டும் என்றது சட்டம். பிள்ளை உள்ளவளாக, விவாகரத்தானவளாகப் பார்த்தார்கள். ஏன் என்பதற்கு மம்ஸேர் என்ற ஒரு சொல் போதும். தாயாகப் போகிறவளின் மதமே சுமப்பவளுக்கும் இருக்க வேண்டும். நம் ஊரில் அப்போது ஏற்கெனவே பிள்ளை பெற்ற, மணமான பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சட்டம் ஆண் பெண் தம்பதிக்கு மட்டும். ஆண் இணையர் வெளிநாடு போனார்கள், பலர் மும்பைக்கு வந்தார்கள். 2012-க்குப் பிறகு இந்திய விசா விதிகள் அவர்களை அடைத்ததும் நேபாளம். நேபாளப் பெண்கள் சுமக்க அங்கே அனுமதி இல்லாததால் இந்தியப் பெண்களே எல்லை தாண்டிப் போய்ச் சுமந்தார்கள். 2015 ஏப்ரலில் காத்மாண்டுவில் பூமி அதிர்ந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளை இஸ்ரேல் விமானத்தில் தூக்கிக்கொண்டு போனது. உலகமே படத்தைப் பார்த்தது. சுமந்த பெண்களைப் பற்றி அந்த வாரம் கேட்டவர்கள் குறைவு. ஹலாக்கா நூல்களில் பிள்ளையின் நிலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, சுமந்தவளின் நிலையைப் பற்றி அவ்வளவு இல்லை. இந்த மரபின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2022 ஜனவரியிலிருந்து ஆண் இணையருக்கும் இஸ்ரேலுக்குள்ளேயே வழி திறந்தது.

முறை எவ்வளவு ஆழம் என்று காட்ட ஒரே ஒரு வழக்கு. 2000-களின் தொடக்கத்தில் ஒரு தம்பதி. கணவன் கோஹென், அதாவது ஆசாரியர் பரம்பரை, தகப்பன் வழியாக மகனுக்கு வருவது. அவருக்கு விந்தணு இல்லை, தானம்தான் வழி. ஆண் குழந்தை பிறந்தால் அவன் கோஹென் இல்லை. ஜெப ஆலயத்தில் ஆசாரியர்கள் எழுந்து ஆசி கூறும் நேரத்தில் அப்பா எழுவார், பையன் எழ முடியாது. ஊருக்கே விஷயம் தெரிந்துபோகும். அதனால் கருவைச் சோதித்துப் பெண்ணாகப் பார்த்து வைத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். பெண் என்றால் இந்தச் சிக்கலே எழாது. பெண் குழந்தை வேண்டாம் என்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் போட்ட நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எப்படி இருக்கும் என்று பாருங்கள். பெண்தான் வேண்டும், காரணமும் தகப்பன் வழிப் பெருமைதான்! இப்படிப்பட்ட விவாதங்களுக்குப் பின் 2005-ல் சுகாதார அமைச்சகம் விதி வகுத்தது. மருத்துவக் காரணமின்றிப் பாலினம் தேர்ந்தெடுப்பது பொதுவாகக் கூடாது, ஒரே பாலில் நான்கு பிள்ளைகளாவது இருந்தால் விதிவிலக்காகக் குழுவிடம் மனுச் செய்யலாம்.

மரபணு நோய்களைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். டே-சாக்ஸ் என்ற நோய் கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களிடம் அதிகம், ஏறக்குறைய முப்பதில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார். பெற்றோர் இருவரும் சுமந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய். ஆறு மாதம்வரை நன்றாக இருக்கும் குழந்தை, பிறகு பார்வை போய், அசைவு போய், நான்கைந்து வயதுக்குள் இறந்துவிடும். இப்படி நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ரப்பி யோசெஃப் எக்ஸ்டைன் 1983-ல் நியூயார்க்கில் 'தோர் யெஷோரிம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். செம்மையானவர்களின் வம்சம் என்று பொருள், சங்கீதத்தில் வரும் சொல். பள்ளி வயதில் இரத்தம் எடுப்பார்கள், முடிவைச் சொல்ல மாட்டார்கள், ஓர் எண் மட்டும் தருவார்கள். வரன் வந்தால் இரண்டு எண்களையும் போன் செய்து சொன்னால், பொருந்தும் அல்லது பொருந்தாது என்ற பதில் வரும். யார் சுமக்கிறார் என்ற பழி யாருக்கும் வராது. ஜாதகம் பார்ப்பதுபோலவே, பெண் பார்க்கப் போவதற்கு முன்பே முடிந்துவிடும். மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் உள்ள நமக்கு இது ஒன்றையாவது கடன் வாங்கலாம்.

கர்ப்பமான பிறகு தெரிந்தால்? டே-சாக்ஸ் கருவை ஏழாம் மாதம்வரை கலைக்கலாம், தாயின் மன வேதனையும் வேதனைதான் என்றார் வால்டென்பெர்க். ஐ.வி.எஃப்.பை மறுத்த அதே ஆள்! விந்து தானத்துக்கு வழி விட்ட ஃபைன்ஸ்டைன் இதில் கடுமையாக மறுத்தார். யார் தாராளவாதி, யார் பழமைவாதி என்று ஒட்டுப்போட்டு வைத்திருந்தால் இங்கே கிழிந்துவிடும்.

கடைசியாக, இறந்தவனின் விந்து. இறந்து 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் உயிருள்ள அணு கிடைக்கலாம். 2003-ல் இஸ்ரேலின் அரசுத் தலைமை வழக்கறிஞர் இதற்கு வழிமுறை வகுத்தபோது மனைவி அல்லது துணைவியை மனதில் வைத்திருந்தார். 2007-ல், காஸாவில் இறந்த ஒரு படைவீரரின் பெற்றோர், மகன் முன்பின் பார்த்திராத பெண் ஒருத்தியின் மூலம் பேரப்பிள்ளை பெற ஒரு நீதிமன்றம் அனுமதித்தது. 2023 அக்டோபருக்குப் பிறகு பெற்றோர் நீதிமன்றம் போகாமலேயே எடுக்கச் சொல்லலாம் என்று தளர்த்தினார்கள், எண்ணிக்கை கூடியது. ரப்பிகளுக்குள் இதில் ஒருமித்த கருத்தில்லை. இறந்தவன் உடலில் கத்தி வைப்பது அவமதிப்பா? செத்தவன் கட்டளையை நிறைவேற்ற முடியுமா? தகப்பன் இல்லாமலே பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. இறந்த அண்ணனின் பெயர் அழியாதிருக்கத் தம்பி அவன் மனைவியை மணக்க வேண்டும் என்ற உபாகம விதியை ஒரு தரப்பு நினைவூட்டுகிறது.

இதெல்லாம் மதம் மட்டும் அல்ல. ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்ட நினைவும், மக்கள்தொகை அரசியலும் சேர்ந்தே இதை நகர்த்துகின்றன. பணம் தடையில்லை என்பதால் பத்தாவது சுழற்சி, பதினைந்தாவது சுழற்சி என்று போகும் பெண்களுக்கு 'போதும்' என்று சொல்ல யாருமில்லை என்று இஸ்ரேலியப் பெண்ணிய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். கட்டளை ஆணுக்கு, ஊசி பெண்ணுக்கு.

குளோனிங், செயற்கைக் கருப்பை வந்தால் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். ரவா என்ற ரப்பி ஒரு மனிதனை உருவாக்கி, ரப்பி ஸேராவிடம் அனுப்பினார் என்று தல்மூதில் இருக்கிறது. கடுகளவு இரத்தத்தைப் பற்றிச் சொன்னாரே, அதே ஸேரா. பேசிப் பார்த்தார், பதில் இல்லை. நீ எங்கள் கூட்டத்தார் செய்தவன், உன் மண்ணுக்கே திரும்பு என்றார். பல நூற்றாண்டு கழித்து, ஹக்காம் த்ஸ்வி என்று பெயர்பெற்ற ரப்பி இந்தக் கதையை எடுத்தார். அப்படி ஓர் ஆளை உருவாக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள், பத்தாவதாக இவனைச் சேர்க்கலாமா? இதுதான் கேள்வி. சேர்க்க முடியாது என்று முடித்தார். சேர்க்க முடியும் என்றால், உபயோகமுள்ள ஒருவனை ரப்பி ஸேரா மண்ணாக்கியிருக்க மாட்டாரே என்பது அவர் சொன்ன காரணம்.